செவித்திறன் குறைந்தோரும் இணையக் காணொலிகளும்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

மருத்துவ அறிவுரைகள் இன்று பெருமளவில் காணொலியாகவும் ஒலிப்பதிவாகவும் வழங்கப்படுகின்றன. இன்சுலின் ஊசி செலுத்தும் முறை, இன்ஹேலரை உறிஞ்சும் முறை, முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய உடற்பயிற்சி, கர்ப்பகால உணவு முதலியவை குறித்த காணொலிகள் நோயாளியின் கைபேசிக்கே வந்து சேருகின்றன. மருத்துவரிடம் வீட்டிலிருந்தே திரைவழியாக ஆலோசனை பெறவும் இயலுகிறது. கேட்கும் திறன் உள்ளவருக்கு இவை பெரும் உதவி. கேட்கும் திறன் குறைந்தவருக்கோ, எழுத்து வடிவமோ சைகை மொழியோ இல்லாத காணொலி, உதடுகள் அசையும் படமாக மட்டுமே எஞ்சுகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, செவித்திறன் குறைபாட்டுக்கு மறுவாழ்வுச் சேவை தேவைப்படுவோர் உலகில் சுமார் 43 கோடி பேர். 2050ஆம் ஆண்டுக்குள் இந்த எண்ணிக்கை 70 கோடியைத் தாண்டக்கூடும். 60 வயதைக் கடந்தோரில் நான்கில் ஒருவருக்கு மேல் அன்றாட வாழ்வைப் பாதிக்கும் அளவுக்குச் செவித்திறன் குறைந்துள்ளது. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதய நோய் ஆகியவற்றுக்கு நாள்தோறும் பல மருந்துகளை உட்கொள்வோரும் பெரும்பாலும் இதே வயதினர்தாம். எனவே, மருத்துவ அறிவுரை மிகுதியாகத் தேவைப்படுவோர் பலர் அதைக் காதால் பெற இயலாத நிலையில் உள்ளனர்.

இணையத்தில் உள்ள ஒலியையும் காணொலியையும் இவர்கள் பயன்படுத்திக்கொள்ளும் வழிகளை இப்பக்கம் விளக்குகிறது.

ஒலியைக் கூட்டினால் போதாதா?

குடும்பத்தினர் முதலில் செய்வது கைபேசியின் ஒலி அளவைக் கூட்டுவதுதான். ஆயினும் பலருக்கு இதனால் முழுப் பயன் கிடைப்பதில்லை. “சத்தம் கேட்கிறது, என்ன சொல்கிறார்கள் என்பது விளங்கவில்லை” என்று அவர்கள் கூறுவதற்கு உடற்கூறு சார்ந்த காரணம் உண்டு.

உட்காதில் உள்ள நத்தை வடிவ உறுப்பான காக்ளியாவில், ஒலியை நரம்புத் துடிப்பாக மாற்றும் நுண்மயிர்ச் செல்கள் உள்ளன. முதுமையாலும், நீண்டகால இரைச்சலாலும், காதைப் பாதிக்கும் சில மருந்துகளாலும் இவை சிதையும்போது, பெரும்பாலும் உயர் அதிர்வெண் ஒலிகளே முதலில் கேட்காமல் போகின்றன. பேச்சில் அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகளின் வலிமை தாழ்ந்த அதிர்வெண்களில் மிகுதி. ச, த, ட, க போன்ற மெய்யொலிகளை அடையாளம் காட்டும் கூறுகள் உயர் அதிர்வெண்களில் உள்ளன. ஆகவே, பேச்சின் ஓசை காதில் விழும். சொற்களைப் பிரித்தறியும் தெளிவு கிட்டாது. ஒலியைக் கூட்டினால் ஏற்கெனவே கேட்கும் பகுதியே மேலும் உரக்கக் கேட்கிறது. சேதமடைந்த காதில் மெல்லிய ஒலிக்கும் தாங்க இயலாத ஒலிக்கும் இடையிலான இடைவெளியும் குறுகிவிடுவதால், சற்றுக் கூட்டினாலும் காது கூசும்.

உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வதற்கும் எல்லை உண்டு. ப, ம ஆகிய இரண்டும் உதடுகளை மூடித் திறப்பதாலேயே பிறக்கின்றன. “மருந்து”, “பருந்து” ஆகிய இரு சொற்களும் உதட்டில் ஒன்றுபோலவே தோன்றும். தொண்டையருகில் பிறக்கும் க போன்ற ஒலிகள் உதட்டில் தெரிவதே இல்லை. திரையில் முகம் சிறிதாகவோ, இருளிலோ, முகக்கவசத்துடனோ இருந்தால் இவ்வழியும் அடைபடும். இணைய இணைப்பு மந்தமாகி, ஒலியும் படமும் ஒன்றுக்கொன்று முன்பின்னாக வந்தாலும் இதே நிலைதான்.

மருத்துவ அறிவுரையில் ஒரு சொல்லின் மதிப்பு

திரைப்படத்தில் ஓர் உரையாடல் விளங்காவிட்டால் கதையில் சிறு பகுதி தவறும். மருத்துவ அறிவுரையில் ஒரு சொல் தவறினால் சிகிச்சையே மாறக்கூடும். தமிழில் குறிப்பாக மூன்று இடங்களில் கவனம் தேவை.

• எண்கள்: இருபது, அறுபது, எழுபது ஆகியவை முதற்பகுதியில் மட்டுமே வேறுபடுகின்றன, இறுதி ஓசை ஒன்றே.
• நேரமும் இடைவெளியும்: “உணவுக்கு முன்”, “உணவுக்குப் பின்” ஆகிய தொடர்கள் ஓசையில் நெருங்கியவை.
• எதிர்மறை: தமிழில் மறுப்பு வினைச்சொல்லின் இறுதியில் வருகிறது. “நிறுத்தலாம்”, “நிறுத்தக் கூடாது” என்னும் வேறுபாடு, பேசுபவரின் குரல் தாழ்ந்து முடியும் இடத்தில்தான் அமைகிறது.

ஓர் எடுத்துக்காட்டு: முடக்குவாத மூட்டழற்சிக்கு வழங்கப்படும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையை வாரத்துக்கு ஒரு முறை மட்டுமே உட்கொள்ள வேண்டும். தவறுதலாக நாள்தோறும் உட்கொண்டதால் உயிரிழப்புகள் நேர்ந்துள்ளன. “வாரம்” என்ற ஒரு சொல் சரியாகச் சென்று சேர்வதில் நோயாளியின் பாதுகாப்பு அடங்கியுள்ளது. ஆகவே, அளவு, நேரம், செய்யக் கூடாதவை ஆகிய மூன்றையும் நோயாளி தாமே எழுத்திலோ சைகையிலோ பெற்று உறுதிசெய்துகொள்ளும் நிலை வேண்டும்.

தேவைகள் ஒருவருக்கொருவர் வேறுபடும்

“காது கேளாதோர்” என்ற ஒரே சொல்லால் குறிக்கப்பட்டாலும், தேவைகள் ஒன்றல்ல.

• வயது முதிர்ந்த பின் செவித்திறன் குறைந்தவர்: தமிழைப் படித்துப் பழகியவர் என்பதால் வசன வரிகள் பெரிதும் பயன்படும். கண்புரை முதலியவற்றால் பார்வையும் மங்கியிருக்கலாம். பெரிய எழுத்து தேவை.
• காதொலிக் கருவி அல்லது காக்ளியர் இம்ப்ளான்ட் பயன்படுத்துபவர்: பின்னணி இசையற்ற தெளிவான ஒலி வேண்டும். கைபேசியின் ஒலி புளூடூத் வழியாகக் கருவிக்கே நேரடியாகச் செல்லுமானால் தெளிவு கூடும்.
• ஒரு காது மட்டும் கேட்பவர்: இடம், வலம் எனப் பிரிந்து வரும் ஒலியில் ஒரு பகுதியை இழக்கக்கூடும்.
• பிறவியிலேயே அல்லது மொழி கற்கும் முன்பே கேட்கும் திறனை இழந்தவர்: இவர்களில் பலருக்குச் சைகை மொழியே முதன்மை மொழி, எழுத்துத் தமிழ் பிற்பாடு கற்ற இரண்டாம் மொழி. வேகமாக ஓடும் வசன வரிகள் இவர்களுக்குப் போதுமானவை அல்ல.
• செவித்திறன், பார்வை இரண்டும் குறைந்தவர்: முழு உரையின் எழுத்துப்படி இருந்தால், அதைப் பிரெய்ல் திரைக்கருவி வாயிலாகத் தொட்டுப் படிக்க இயலும்.

வசன வரிகள்

சப்டைட்டில் என்று வழங்கும் வசன வரிகள் இரு வகைப்படும். காணொலிப் படத்துடனேயே பதிக்கப்பட்டு எப்போதும் தெரிபவை ஒரு வகை. பார்ப்பவர் விரும்பும்போது இயக்கவும் நிறுத்தவும் கூடியவை மற்றொரு வகை. இரண்டாம் வகையில் எழுத்தின் அளவையும் நிறத்தையும் பார்ப்பவர் மாற்றிக்கொள்ளலாம். சமூக ஊடகச் செயலிகளின் வழியே கைமாறிச் செல்லும் குறுங்காணொலிகளுக்கு முதல் வகையே ஏற்றது. இரண்டாம் வகையின் தனிக் கோப்பு அவ்வாறு அனுப்பப்படும்போது விடுபட்டுப்போகும்.

செவித்திறன் குறைந்தோருக்கான வசன வரிகளில் பேச்சுடன் யார் பேசுகிறார் என்பதும், பொருளுள்ள பிற ஒலிகளும் இடம்பெற வேண்டும். எடுத்துக்காட்டாக:

00:12–00:15 மருத்துவர்: இந்த மாத்திரையை வாரத்துக்கு ஒரு முறை மட்டுமே
00:15–00:18 விழுங்க வேண்டும். தினமும் விழுங்கக் கூடாது.
00:18–00:20 [சர்க்கரை அளவி: எச்சரிக்கை ஒலி]
00:20–00:23 செவிலியர்: இந்த ஒலி கேட்டால் அளவு மிகக் குறைந்துவிட்டது என்று பொருள்.

மூன்றாவது வரி இல்லையெனில், நான்காவது வரியில் செவிலியர் எந்த ஒலியைக் குறிப்பிடுகிறார் என்பது விளங்காது.

கணினியே பேச்சைக் கேட்டு உருவாக்கும் தானியங்கி வசன வரிகள் பொதுவான பேச்சுக்கு ஓரளவு உதவுகின்றன. ஆனால் மருந்துப் பெயர்களையும், எண்களையும், வட்டார வழக்கையும், தமிழும் ஆங்கிலமும் கலந்த பேச்சையும் அவை அடிக்கடி தவறாகப் பதிவு செய்கின்றன. வாக்கிய இறுதி தெளிவாக ஒலிக்காதபோது “கூடாது” போன்ற மறுப்புச் சொல்லே விடுபடக்கூடும். தானியங்கி வசன வரியை மட்டும் நம்பி மருந்தின் அளவை மாற்றவோ, மருந்தை நிறுத்தவோ வேண்டாம். மருந்துச் சீட்டுடன் ஒப்பிட்டுப் பார்த்து, ஐயம் இருப்பின் மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ எழுத்தில் கேட்டு உறுதிசெய்க.

ஒலிப்பதிவுக்கு எழுத்துப்படி

படம் இல்லாத ஒலிப்பதிவுகளுக்கு, அதாவது வானொலி உரை, இணைய ஒலித்தொடர், வாட்ஸ்அப் குரல் பதிவு ஆகியவற்றுக்கு, எழுத்துப்படியே முதன்மை வழி. பேசப்பட்ட அனைத்தையும் உரையாக எழுதி, ஒலிப்பதிவின் கீழேயே வைப்பதை எழுத்துப்படி என்கிறோம். இதைத் தம் வேகத்தில் படிக்கலாம். அச்சிட்டு மருந்துப் பெட்டியருகில் ஒட்டலாம். அடுத்த முறை மருத்துவரைக் காணச் செல்லும்போது கையில் எடுத்துச் செல்லலாம். காணொலிகளுக்கும் வசன வரியுடன் எழுத்துப்படி இருப்பது நல்லது.

சைகை மொழி

இந்திய சைகை மொழி தனக்கென இலக்கணம் கொண்ட தனி மொழி. தமிழ் வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் கையால் காட்டுவது சைகை மொழி ஆகாது. கை அசைவு, முகபாவம், உடலின் நிலை ஆகிய மூன்றும் சேர்ந்தே பொருள் தருகின்றன. ஆகையால் திரையின் ஓரத்தில் மிகச் சிறிய வட்டத்தில் மொழிபெயர்ப்பாளரைக் காட்டினால், கைபேசியில் பார்ப்பவருக்கு முகபாவம் தெரியாது. பொருளில் பாதி மறைந்துவிடும்.

இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2015ஆம் ஆண்டில் புதுதில்லியில் நிறுவப்பட்டது. அது உருவாக்கிய சைகை மொழி அகராதி 3,000 சொற்களுடன் 2018இல் தொடங்கி, 2021இல் 10,000 சொற்களை எட்டியது. மருத்துவச் சொற்களும் அதில் அடங்கும். சைகை மொழி பயன்படுத்துவோரின் குடும்பத்தினர் இதை இணையத்தில் கண்டு பயிலலாம்.

கைபேசியில் நீங்கள் செய்யக்கூடியவை

பெரும்பாலான திறன்பேசிகளில் பின்வரும் வசதிகள் கட்டணமின்றி உள்ளன. அமைப்புகள் பகுதியில் “அணுகல்தன்மை” அல்லது “மாற்றுத்திறன் வசதி” என்ற தலைப்பின் கீழ் இவற்றைத் தேடலாம்.

• வசன வரி அமைப்பு: எழுத்தைப் பெரிதாக்கி, கருமையான பின்புலத்தில் வெள்ளை அல்லது மஞ்சள் நிறத்தில் தெரியுமாறு அமைத்துக்கொள்க.
• மோனோ ஒலி: இடம், வலம் என இரு பக்க ஒலியையும் ஒன்றாக்கி இரு காதுகளுக்கும் தருவது. ஒரு காது மட்டும் கேட்பவர் இதை இயக்குவது பயன் தரும்.
• ஒலிச் சமநிலை: நன்றாகக் கேட்கும் காதின் பக்கம் ஒலியைக் கூட்டுவது.
• காதொலிக் கருவி இணைப்பு: உங்கள் கருவி கைபேசியுடன் இணையக்கூடியதா என்பதைச் செவித்திறன் வல்லுநரிடம் கேட்டறிக.
• பேச்சை எழுத்தாக்கும் செயலி: ஆண்ட்ராய்டு கைபேசிகளில் உள்ள லைவ் டிரான்ஸ்கிரைப் போன்ற செயலிகள், அருகில் பேசுபவரின் சொற்களை உடனுக்குடன் திரையில் எழுதிக் காட்டும். தமிழிலும் இயங்கும். பேசுபவருக்கு அருகில் கைபேசியை வைத்தால் பிழை குறையும். தானியங்கி வசன வரிக்குக் கூறிய எச்சரிக்கை இதற்கும் பொருந்தும்.
• இயக்க வேகம்: யூடியூப் முதலிய தளங்களில் வேகத்தை 0.75 எனக் குறைத்தால் வசன வரிகளைப் படிக்கக் கூடுதல் நேரம் கிடைக்கும்.

காதொலிபெருக்கி அணிந்து கேட்போர் ஒலி அளவில் கவனமாக இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பதை உலக சுகாதார நிறுவனம் பாதுகாப்பான எல்லையாகக் கொள்கிறது. குழந்தைகளுக்கு இது 75 டெசிபல். தெளிவுக்காக ஒலியை மேன்மேலும் கூட்டினால், எஞ்சியுள்ள செவித்திறனுக்கும் ஊறு நேரும்.

இணையவழி மருத்துவ ஆலோசனையின்போது

இந்தியாவில் 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டுதல்கள், காணொலி, ஒலி, எழுத்து ஆகிய மூன்று வழிகளிலும் ஆலோசனை வழங்க இடமளிக்கின்றன. ஆகவே எழுத்து வாயிலாகவும் உரையாட வேண்டும் எனக் கோருவதில் தயக்கம் வேண்டாம். உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் இணைந்து 2022ஆம் ஆண்டில், தொலைமருத்துவச் சேவைகள் மாற்றுத்திறனாளிகளுக்கு எட்டக்கூடியவையாக அமைவதற்கான உலகத் தரநிலையை வெளியிட்டுள்ளன.

ஆலோசனைக்கு முன்:
• முன்பதிவின்போதே, “எனக்குக் காது சரியாகக் கேட்காது, எழுத்தில் உரையாட வேண்டும்” என்று தெரிவியுங்கள். சைகை மொழிபெயர்ப்பாளர் தேவையெனில் அதையும் குறிப்பிடுங்கள்.
• நோய் அறிகுறிகள், உட்கொள்ளும் மருந்துகள், கேட்க விரும்பும் கேள்விகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.
• தொலைக்காட்சி, மின்விசிறி முதலியவற்றின் ஓசையைக் குறையுங்கள்.

ஆலோசனையின்போது:
• மருத்துவரின் முகத்தில் வெளிச்சம் விழுமாறு அமரவும், ஒருவர் மட்டும் பேசவும் வேண்டுங்கள்.
• விளங்காதபோது தலையசைத்துவிட வேண்டாம். “மீண்டும் சொல்லுங்கள்” என்பதைவிட, “வேறு சொற்களில் சொல்லுங்கள்” அல்லது “தட்டச்சு செய்யுங்கள்” என்று கேட்பது பயன்தரும்.
• மருந்தின் பெயர், அளவு, வேளை, எத்தனை நாள் ஆகிய நான்கையும் நீங்கள் புரிந்துகொண்டவாறு திரும்பச் சொல்லியோ எழுதிக் காட்டியோ ஒப்புதல் பெறுங்கள்.

ஆலோசனைக்குப் பின்:
• மின்னணு மருந்துச் சீட்டைத் தரவிறக்கிச் சேமித்துக்கொள்ளுங்கள். அரசின் இ-சஞ்சீவனி சேவையில் ஆலோசனைக்குப் பின் இது வழங்கப்படுகிறது.
• அபாய அறிகுறிகள் எவை, அவை தோன்றினால் எங்குச் செல்ல வேண்டும் என்பவையும் எழுத்தில் உள்ளனவா எனப் பாருங்கள்.

பராமரிப்பாளர்களுக்கு

மருத்துவர் ஐந்து நிமிடம் பேசியதை, “ஒன்றும் பயமில்லையாம், மாத்திரை போடச் சொல்கிறார்” என்று ஒரே வரியில் கூறிவிடுவது வீடுகளில் வழக்கமாக நிகழ்வதே. அன்பினால் செய்வதே எனினும், இதனால் நோயாளி தம் உடலைப் பற்றிய முடிவுகளிலிருந்து விலக்கப்படுகிறார். பக்கவிளைவு, மாற்றுச் சிகிச்சை, செலவு ஆகியவற்றைக் கேட்டறியும் வாய்ப்பு அவருக்கு இல்லாமற்போகிறது.

• மருத்துவர் நோயாளியை நோக்கிப் பேசுமாறு வேண்டுங்கள். நோயாளிக்கு உரிய கேள்விக்கு அவரே விடையளிக்கட்டும்.
• பேசப்பட்டதைச் சுருக்காமல் எழுதிக் காட்டுங்கள். கவலை தரும் செய்தியையும் மறைக்க வேண்டாம்.
• மருந்து பற்றிய செய்திகளைக் குரல் பதிவாக அனுப்புவதைத் தவிர்த்து, தட்டச்சு செய்து அனுப்புங்கள். பிறர் அனுப்பிய குரல் பதிவையும் எழுத்தாக்கிக் கொடுங்கள்.
• சிறுவர்களை மொழிபெயர்ப்பாளராக்க வேண்டாம். நோயின் பெயரையோ அந்தரங்கமான கேள்விகளையோ ஒரு குழந்தை பெற்றோருக்கு எடுத்துரைக்கும் நிலை, இருவருக்கும் துன்பம் தரும்.
• மனநலம், பாலியல் நலம், குடும்ப வன்முறை போன்றவற்றில் நோயாளி தனியாகப் பேச விரும்பலாம். குடும்பத்தைச் சாராத மொழிபெயர்ப்பாளரோ எழுத்துவழி உரையாடலோ இதற்கு ஏற்றது.

காணொலி தயாரிப்போர் கடைப்பிடிக்க வேண்டியவை

மருத்துவமனைகள், தொண்டு அமைப்புகள், நோயாளிகளின் உதவிக் குழுக்கள், தம் அனுபவத்தைப் பகிரும் தனிநபர்கள் ஆகிய அனைவருக்கும் இவை பொருந்தும்.

1. பேசப் போவதை முன்னரே எழுதி வைத்துக்கொள்க. அதுவே பின்னர் வசன வரிக்கும் எழுத்துப்படிக்கும் அடிப்படையாகும்.
2. தானியங்கி வசன வரியை அப்படியே வெளியிட வேண்டாம். எண், மருந்துப் பெயர், மறுப்புச் சொல் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க.
3. ஒரே நேரத்தில் இரண்டு வரிகளுக்கு மேல் காட்ட வேண்டாம். சொற்றொடர் முடியும் இடத்தில் வரியை முறிக்க. “உட்கொள்ளக்” என்று ஒரு வரியும் “கூடாது” என்று மறு வரியும் அமையக் கூடாது.
4. பேச்சு வழக்கில் கூறியதை எளிய எழுத்து வழக்கில் தரலாம். பொருளைச் சுருக்கவோ மென்மையாக்கவோ கூடாது.
5. பின்னணி இசையைத் தவிர்க்க. தவிர்க்க இயலாதெனில் பேச்சைவிடக் குறைந்தது 20 டெசிபல் தாழ்த்தி வைக்க. கேட்போருக்கு அது பேச்சின் நான்கில் ஒரு பங்கு உரப்பாகத் தோன்றும்.
6. பேசுபவரின் முகம் முழுமையாகவும் வெளிச்சத்திலும் இருக்க வேண்டும். பெயர்ப்பட்டையோ ஓடும் செய்தி வரியோ வசன வரியை மறைக்கக் கூடாது.
7. அளவையும் வேளையையும் திரையில் பெரிய எழுத்தில் தனியாகவும் காட்டுக.
8. நேரலை நிகழ்ச்சியில் உடனடி எழுத்துப் பதிவுக்கும் சைகை மொழிபெயர்ப்புக்கும் முன்னரே ஏற்பாடு செய்க.
9. வெளியிடும் முன், செவித்திறன் குறைந்த ஒருவரிடம் காட்டிக் கருத்துக் கேட்க. பின்னர் ஒலியை முற்றிலும் நிறுத்திவிட்டு நீங்களே ஒரு முறை பார்க்க.

சட்டமும் தரநிலைகளும்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 42ஆவது பிரிவு, ஒலி, அச்சு, மின்னணு ஊடகங்களில் உள்ள உள்ளடக்கம் அனைத்தும் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தக்கூடிய வடிவில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. சைகை மொழிபெயர்ப்பும் வசன வரிகளும் அதில் பெயர் சுட்டியே குறிப்பிடப்பட்டுள்ளன.

இச்சட்டத்தின் அட்டவணையில், இரு காதுகளிலும் பேச்சு அதிர்வெண்களில் 70 டெசிபல் இழப்பு உடையவர் காது கேளாதவர் எனவும், 60 முதல் 70 டெசிபல் இழப்பு உடையவர் செவித்திறன் குறைந்தவர் எனவும் வரையறுக்கப்பட்டுள்ளனர். சான்றிதழுக்குரிய இந்த அளவை எட்டாதவர்களுக்கும் காணொலிப் பேச்சு விளங்காமற்போகலாம். வசன வரியைப் பயன்படுத்தவோ, மருத்துவரிடம் எழுதித் தருமாறு கேட்கவோ சான்றிதழ் தேவையில்லை.

இணைய உள்ளடக்கத்துக்கு உலகளவில் பின்பற்றப்படுவது டபிள்யூசிஏஜி எனப்படும் வழிகாட்டு நெறிகள். முன்பதிவு செய்யப்பட்ட காணொலிக்கு வசன வரி என்பது அதன் அடிப்படை நிலையான “ஏ” நிலையிலேயே இடம்பெறுகிறது. நேரலைக்கான வசன வரி “ஏஏ” நிலையிலும், சைகை மொழிபெயர்ப்பு உயர்ந்த “ஏஏஏ” நிலையிலும் உள்ளன. இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டுதல்களும், ஐஎஸ் 17802 என்னும் இந்தியத் தரநிலையும் அணுகல்தன்மைக்கான விதிகளை வகுத்துள்ளன.

வசன வரி இல்லாத மருத்துவக் காணொலியைக் கண்டால், அதை வெளியிட்ட நிறுவனத்துக்கு இவ்வாறு எழுதலாம்:

“உங்கள் தளத்தில் உள்ள (தலைப்பு) என்ற காணொலியில் வசன வரி இல்லை. செவித்திறன் குறைந்த எனக்கு அதில் கூறப்படும் மருந்து முறை விளங்கவில்லை. சரிபார்க்கப்பட்ட தமிழ் வசன வரியையும் எழுத்துப்படியையும் இணைக்குமாறு வேண்டுகிறேன். அதுவரை அதன் உரையை எழுத்தில் அனுப்பி உதவுங்கள்.”

தக்க பதில் கிடைக்காவிடில், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிடலாம்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

வசன வரிகள் தகவலைப் பெற உதவும். செவித்திறன் குறைபாட்டுக்கான பரிசோதனைக்கு அவை மாற்றாகா. பின்வரும் நிலைகளில் காது, மூக்கு, தொண்டை மருத்துவரை அணுகுக.

• தொலைக்காட்சி, கைபேசி ஆகியவற்றின் ஒலியை முன்பைவிடக் கூட்ட வேண்டியிருத்தல்
• தொலைபேசியில் பேச்சு விளங்காமை. பிறரை அடிக்கடி திரும்பச் சொல்லக் கேட்டல்
• காதில் இடைவிடாத இரைச்சல், வலி, சீழ் அல்லது தலைசுற்றல்
• குழந்தை ஒலிக்குத் திரும்பாமை அல்லது பேச்சு வளர்ச்சியில் தாமதம்

ஒரு காதிலோ இரு காதுகளிலோ சில மணி நேரத்தில் அல்லது மூன்று நாட்களுக்குள் திடீரெனக் கேட்கும் திறன் குறைந்தால், அதை அவசர நிலையாகக் கருதி உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். காதில் அழுக்கு அடைத்திருக்கும் என எண்ணி நாள் கடத்த வேண்டாம். தொடக்கத்திலேயே சிகிச்சை பெற்றால் செவித்திறன் மீளும் வாய்ப்பு அதிகம்.

இப்பக்கத்தில் உள்ளவை பொதுவான விளக்கங்கள். உங்களுக்குரிய மருந்து, அளவு, சிகிச்சை ஆகியவற்றை உங்கள் மருத்துவரிடம் எழுத்து வடிவில் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.